காலி வண்டியின் கணக்கு

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அதற்குள்ளும் அதைச் சுற்றியும்தான் நடந்தது. பழைய ஜீப். என்னைவிட மூன்று வயது மூத்தது. கதவுகள் கிடையாது. மேலே ஒரு கான்வாஸ் கூரை, அதுவும் மழை வந்தால் கட்டுவதுதான். முன்னால் இரண்டு இருக்கைகள். பின்னால் வெறும் தகரத் தொட்டி. அதில் அளவைச் சாமான்களையும் தண்ணீர் டிரம்களையும் ஏற்றுவேன். நான் நில அளவையாளன். என் மனைவிக்கு மேட்டின் உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மழைமானியையும் வெப்பமானியையும் பார்த்து எழுதி அனுப்புவது அவள் பொறுப்பு. குடியிருப்பும் அங்கேயே. ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர். முதல் மூன்றுதான் ரோடு என்று சொல்லத் தகுந்தது. மீதி எட்டும் கல்லும் பள்ளமும். இந்த ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாது.

அடுத்தது என் மாமியார். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் நுழையும் ஆளைப் பார்த்ததுமே தோள் எத்தனை, இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவார். இருந்தாலும் டேப் வைத்துப் பார்க்காமல் ஒரு துணியிலும் கத்திரி வைத்ததில்லை.

போன வருஷம் அவரை மேலே கூட்டிக்கொண்டு போகும்போது, ஏழாவது கிலோமீட்டரில் ஜீப் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் பாதை ஓட்டுகிறவன் பக்கம் சரிந்திருக்கும். அங்கே வந்ததும் அத்தை முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சாயுமா மாப்பிள்ளை?”

“சாயாது அத்தை. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கேன்.”

உண்மையாகவே போட்டிருந்தேன். இந்த வண்டி முப்பது டிகிரி வரை தாங்கும். அந்த இடம் இருபத்திரண்டு. கணக்கு சரி. ஆனால் வண்டி சாய்ந்தது. வேகமாகக்கூட இல்லை, களைத்த மாடு படுப்பது போல, யோசித்து யோசித்துப் படுத்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் மேல் வந்து விழுந்த அத்தைக்கு, ஸ்டீயரிங்கில் மோதிக் காறையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கத்திரி பிடிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த வண்டியில் ஏறவுமில்லை. வாசலில் நான் நிறுத்தினால் எதிர்ப்பக்க நடைபாதையில் சுற்றிக்கொண்டு போவார்.

நான் அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் கல் சுமந்து அந்த இடத்தை நிரவினேன். இப்போது அது பதினான்கு டிகிரிதான். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு கணக்காகத்தான் அவர் காதில் விழும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு எட்டாவது மாதம். அவளுக்குப் பதிலாக வேலைக்கு வர வேண்டியவர் வந்து சேர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை அவள் நிலையத்தை விட்டு இறங்க முடியாது. எனக்கோ பதினாலாம் தேதி திங்கட்கிழமை முதல் மூன்று வாரம் அளவை முகாம். விடுப்புக் கேட்டேன், வேறு ஆள் இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்துவிட்டது. அவளை மூன்று வாரம் அங்கே தனியாக விட முடியாது. டாக்டரும் அதையேதான் சொன்னார். மிச்சம் இருப்பது ஒரே வழி. அத்தை மேலே வந்து இருக்க வேண்டும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலேயே பேசினார்.

“வர்றேன். மகளுக்கு வராம யாருக்கு வரப்போறேன்? ஆனா முன்னாடி உட்கார மாட்டேன்.”

“பின்னாடி சீட்டே இல்லையே அத்தை.”

“போடுங்க. போறப்ப எனக்கு, வர்றப்ப அவளுக்கும் எனக்கும். எதிரும் புதிருமா முழங்கால் இடிச்சுக்கிட்டு உட்கார்ற சீட்டு வேண்டாம். முன்னாடி பார்த்த சீட்டு. போற பாதை எனக்குத் தெரியணும். இடுப்புக்கு பெல்ட். தலைக்கு மேல நல்ல கெட்டியா கம்பி. இன்னொரு தடவை படுத்தாலும் கம்பிதான் முதல்ல தரையைத் தொடணும். என் தலை இல்லை.”

“அதுக்குப் பேர் ரோல்பார் அத்தை.”

“பேர் நீங்க வச்சுக்குங்க. கம்பி எனக்குப் போடுங்க.”

அன்று மாலை மனைவியிடம் பேசினேன். மேலே நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“கம்பி போடச் சொன்னாங்க.”

“அப்ப வர்றாங்க. வராதவங்க கம்பியைப் பத்திப் பேச மாட்டாங்க. போட்டுடுங்க, ஒழுங்கா.”

கடைசி வார்த்தையை அவள் அழுத்திச் சொன்னாள்.

வெல்டரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே சாப்பிடுவார், சண்டை போடுவார், முடி வெட்டிக்கொள்ளவும் போவார். அவர் பட்டறைக்கு அடுத்த சுவர், வண்டி இருக்கைகளுக்கு உறை போடுகிறவரின் கடை; அவருக்கு ஊர் வைத்த பெயர் மெத்தை. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு தகரத் தடுப்பு. அதில் தலை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பேச்செல்லாம் அதன் வழியாகத்தான்.

கண்ணாடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். தொட்டியின் தரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

“சர்வேயர் சார், இந்தத் தகரத்துல மட்டும் கம்பியை நட்டோம்னா, வண்டி புரளும்போது கம்பி அப்படியே தகரத்தைக் கிழிச்சுக்கிட்டு உள்ள வந்துடும். குடை மடங்குற மாதிரி. மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, நடுவுல தகரம். அங்கிருந்து அடியில இருக்கற சேஸிஸ் சட்டத்துக்கு ஒரு தாங்கி. அப்படின்னா செய்றேன். இல்லைன்னா அடுத்த தெருவுல அழகுக்குக் கம்பி போட்டுத் தர்றவங்க இருக்காங்க.”

“சேஸிஸோடவே பிடிங்க.”

“குழாய் தண்ணிக் குழாய் வேண்டாம். மூட்டு இல்லாத குழாய்.”

இதை அத்தையிடம் சொன்னபோது மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “தையலே இல்லாததா? நல்லா இருக்கும்னு சொல்றீங்க. என் பொழப்பைக் கெடுக்கற குழாயா இருக்கே.”

திட்டம் இதுதான். முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வளைவு, பின் இருக்கைக்குப் பின்னால் இன்னொன்று, இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் இணைக்கும். பின்சக்கர மேடைகளுக்கு நடுவில், பெட்டி மாதிரி ஒரு சட்டத்தின் மேல் இரண்டு பேருக்கான இருக்கை. உயரத்தை நான் அளந்தேன். சட்டத்தின் மேல் பலகை வைத்து அதில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடி என் உச்சியில் மட்டப்பலகையை வைத்துப் பிடித்தார். தரையிலிருந்து பலகை 250 மில்லிமீட்டர். பலகையிலிருந்து என் உச்சி 860. தலைக்கு மேல் இடைவெளி 75. ஆக மொத்தம் 1185. வரைபடம் போட்டு, நான்கு பக்கமும் அளவு எழுதி, தேதியிட்டுக் கொடுத்தேன்.

கண்ணாடி அந்தத் தாளை மரியாதையாகச் சுவரில் ஒட்டினார். “இந்த மாதிரி எழுதிக் குடுக்கறவங்க வாழ்க்கையிலயே நீங்கதான் சார். மத்தவங்க எல்லாம் கையை இவ்வளவுன்னு காட்டுவாங்க.”

ஓட்டையில் மெத்தையின் தலை தெரிந்தது. “கையைக் காட்டினாலும் நீ இஷ்டத்துக்குத்தானே வெட்டுவே?”

“யோவ், நீ பஞ்சை அடைக்கற வேலையைப் பாரு.”

“பஞ்சு இல்லப்பா, ஃபோம். அஞ்சு அங்குல ஃபோம். சார், அந்த எட்டு கிலோமீட்டர் நான் ஒரு தடவை வந்திருக்கேன். இறங்கறப்ப என் முதுகெலும்பு எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சிருந்துச்சு. பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ற சீட்டு. நான் பார்த்துக்கறேன், விடுங்க.”

விட்டேன். பலகையை அவரிடம் கொடுத்துவிட்டு அலுவலகம் போனேன்.

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. வளைவுகள் இரண்டும் தட்டில் போல்ட் போட்டு முறுக்கியாகிவிட்டது. இணைப்புக் குழாய்களை மட்டும் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்தியிருந்தார் கண்ணாடி. பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு முழு வெல்டிங். மெத்தையின் இருக்கை கறுப்பு ரெக்ஸினில், தடித்த விளிம்போடு, வண்டிக்கே கொஞ்சம் அதிகப்படியான அழகாக இருந்தது. அத்தையைக் கூட்டிவந்தேன். கழுத்தில் டேப் தொங்கியது. கழற்றி வைக்க மறந்து வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பட்டறையில் வண்டி நின்றுகொண்டிருந்தாலும், ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். செருப்பைச் சரிசெய்தார். கம்பியை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். வண்டியே ஆடியதே தவிர கம்பி ஆடவில்லை. கண்ணாடியின் முகத்தில் பெருமை. பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.

“சீட்டு நல்லா இருக்கு” என்றார். ஓட்டையில் இருந்த தலை சிரித்தது.

“மாப்பிள்ளை, அந்த உங்க கோலை எடுங்க.”

மடித்தால் நாலடி நீளம் வரும் என் அளவைக்கோல். எடுத்துக் கொடுத்தேன்.

“என்கிட்ட ஏன் குடுக்கறீங்க? அந்த வளைவுல இருந்து இந்த வளைவுக்கு மேலாக்க வைங்க. என் தலைக்கு நேரா.”

வைத்தேன். கோலின் ஒரு முனை முன் வளைவில் உட்கார்ந்தது. மறுமுனை பின் வளைவைத் தொடவில்லை. நடுவில் என் மாமியாரின் தலையில் உட்கார்ந்திருந்தது.

 கண்ணாடி தன் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, ஒன்றும் தெரியாததால் மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினார். அத்தை டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார்.

“அசையாம பிடிங்க. எவ்வளவு தூக்கலா இருக்குன்னு பாருங்க.”

ஒரு அங்குலம். ஜீப் புரண்டால் கம்பிக்கு முன்னால் அவர் தலைதான் தரையைத் தொடும்.

“நான் தாள்ல இருந்தபடிதான் வெட்டினேன்” என்றார் கண்ணாடி. சுவரிலிருந்து அதைப் பிய்த்துக்கொண்டு வந்தும் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. 1185, கோடு சுத்தமாக இருந்தது.

“நான் அஞ்சு அங்குலம்னு முன்னாடியே சொன்னேன்” என்றார் மெத்தை. அதுவும் உண்மை. உட்கார்ந்தால் அமுங்கியது போக மூன்றே கால் அங்குலம் நிற்கும். நான் அளந்தது வெறும் பலகையில். அது போதாதென்று அத்தை என்னைவிடக் குட்டையானவர், ஆனால் அந்தக் குட்டை எல்லாம் காலில். உட்கார்ந்தால் என்னைவிட அரை அங்குலம் கூடுதல்.

“ஃபோமைக் குறைச்சுடலாமா?” என்றேன்.

“குறைங்க சார். அப்படியே கல்லையும் பாதையில இருந்து குறைச்சுடுங்க” என்றது ஓட்டை.

“கம்பியோட காலை வெட்டி, நடுவுல துண்டு வச்சு ஒட்டினா?”

கண்ணாடி என்னை முதல்முறையாக மரியாதைக் குறைவாகப் பார்த்தார். “ஒட்டுன காலை நம்பி ஒரு அம்மாவை உட்கார வைப்பீங்களா? நான் வைக்க மாட்டேன்.”

அத்தை பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல், சட்டையில் பட்டன் எங்கே வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

“போடற ஆளை அளக்கறதுக்கு முன்னாடியே தச்சு முடிச்சுட்டீங்க மாப்பிள்ளை. உட்காரப் போறது நான். என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்து உட்கார்ந்திருப்பேனே.”

“தப்புத்தான் அத்தை.”

“அன்னைக்கும் இதே மாதிரிதான். சாயாதுன்னு சொன்னீங்க. நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சேன். பொய் சொல்ற ஆள் இல்லையே, அப்புறம் ஏன் சாஞ்சுதுன்னு. பின்னாடி ரெண்டு டிரம் தண்ணி இருந்துச்சு. ரெண்டும் உங்க பக்கம். அதை நீங்க கணக்குல சேர்த்தீங்களா?”

நான் சேர்த்திருக்கவில்லை. ஒரு வருஷமாக அந்தக் கணக்கைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்து, பத்துத் தடவையும் சரியாக வருவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். டிரம்கள் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

“காலி வண்டிக்குக் கணக்குப் போடறீங்க” என்றார். “காலி வண்டி எங்கயும் போறதில்லை.”

கண்ணாடி தரையைப் பார்த்தார். மெத்தையின் தலை ஓட்டையிலிருந்து மெதுவாகப் பின்வாங்கியது. சண்டை என்றால் நின்று பார்ப்பார்கள். இது சண்டை மாதிரி இல்லாததால் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது.

“திங்கட்கிழமை நான் முகாமுக்குப் போகணும்” என்றேன்.

“தெரியும். ஞாயிற்றுக்கிழமை கம்பி சரியா இருந்தா வர்றேன். இல்லைன்னா நீங்க முகாமுக்குப் போகாதீங்க. வேலை போனாலும் பரவாயில்லைன்னு உட்கார்ந்துக்குங்க. நான் இப்படியே ஏறி வந்து, அவ வழி பார்த்துக்கிட்டிருக்கறப்ப இன்னொரு எலும்பை உடைச்சுக்கறது உதவி இல்லை.”

கண்ணாடியைக் கேட்டேன். தட்டும் தாங்கியும் இணைப்புக் குழாய்களும் அப்படியே ஆகும். வளைவுகள் மட்டும் புதிதாக. குழாய் வாங்கி, மணல் அடைத்து, வளைத்து, நட்டு, முழு வெல்டிங் முடிக்க ஒரு வாரம் என்றார். அத்தை அவரைப் பார்த்தார்.

“சனிக்கிழமை” என்றார் கண்ணாடி.

இந்த முறை அளக்க அத்தையே உட்கார்ந்தார். பலகையில் இல்லை, மெத்தையின் இருக்கையில், செருப்போடு, பெல்ட்டோடு, மேலே வரும்போது போடுகிற தடித்த ஸ்வெட்டரோடு. மடியில் தன் பெட்டியை வைக்கச் சொன்னார். நான் முன்னால் ஓட்டும் இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. தரையிலிருந்து உச்சி 1210. இடைவெளி 75. கூடுதலாகப் பதினைந்து சேர்த்து 1300 என்று எழுதினேன். கண்ணாடி பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டினார். அடியில் அத்தையையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே போட்டார்.

கம்பி உயர்ந்ததும் வேறொன்று வந்தது. பழைய கான்வாஸ் கூரை எட்டவில்லை. பக்கத்துக்கு நாலரை அங்குலம் குறைந்தது. அதை அவிழ்த்துச் சுருட்டிக் கடைக்கு எடுத்துப் போனார் அத்தை. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது, இரண்டு பக்கமும் நீலத் தார்ப்பாய்த் துண்டு சேர்த்து இரட்டைத் தையல் போட்டிருந்தது. பச்சை வண்டிக்கு நீலக் கரை. ஓட்டை வழியாகப் பார்த்த மெத்தை, “சீருடை மாதிரி இருக்கே, வண்டியைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறீங்களா?” என்றார்.

சனிக்கிழமை மதியம் கோலை மறுபடியும் வைத்தோம். இரண்டு வளைவிலும் தட்டென்று உட்கார்ந்தது. அத்தை தன் தலைக்கும் கோலுக்கும் நடுவில் கையை நுழைத்தார். நாலு விரல் சுலபமாகப் போயின.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். பெட்டி ஒன்று, கைமெஷின் ஒன்று, தண்ணீர் டிரம் இரண்டு. டிரம்களைச் சக்கர மேடைகளை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினேன். அத்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு கயிற்றையும் இழுத்துப் பார்த்தார்.  ஆறாவது கிலோமீட்டரில் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபோது கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார்; இன்னொரு கை காறையெலும்பின் மேல் இருந்தது.

ஏழாவதில், “நிறுத்துங்க” என்றார்.

நிறுத்தினேன். அதே இடம். நான் நிரவிய கற்கள் தனி நிறத்தில் தெரிந்தன.

“இது நீங்க போட்டதா?”

“ஆமா அத்தை. இப்ப பதினாலு டிகிரிதான்.”

“யாரையெல்லாம் சேர்த்து?”

சாய்வுமானியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டியின் தரையில், அவர் காலுக்குப் பக்கத்தில், குறுக்காக வைத்துப் பார்த்தேன். “பதினஞ்சு. உங்களையும் டிரம்மையும் சேர்த்து.”

“நீங்க கீழ நிக்கறீங்களே?”

நான் கீழே நின்றுகொண்டுதான் இருந்தேன். சாய்வுமானியை அவர் கையில் கொடுத்தேன். எந்த முள்ளைப் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். சுற்றி வந்து ஓட்டும் இடத்தில் ஏறினேன். என் எடைக்கு ஸ்பிரிங் என் பக்கம் இறங்கியது.

“பதினாறு” என்றார் பின்னாலிருந்து. “எவ்வளவு தாங்கும்?”

“முப்பது.”

“காலியாவா?”

மனதுக்குள் மறுபடியும் போட்டேன். டிரம், பெட்டி, மெஷின், கம்பிகளின் எடை, உயர்ந்த இருக்கை, அவர், நான். “இருபத்திநாலு.”

பின்னால் பெல்ட் இழுபடும் சத்தம் கேட்டது. குனிந்து இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும்.

“சரி, போங்க மாப்பிள்ளை. மெதுவா.”

போனேன். வண்டி சாய்ந்தபடி ஊர்ந்தது. பின்னால், “பதினாறு, பதினாறு, பதினேழு, பார்த்துப் பார்த்து, பதினஞ்சு” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கடந்த பிறகும் அவர் சாய்வுமானியைத் திருப்பித் தரவில்லை. மீதி நான்கு கிலோமீட்டரும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எண் சொல்லிக்கொண்டே வந்தார்.

நிலையத்து வாசலில் மனைவி நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தாள்; மாலை அளவு எழுதும் நேரம். கம்பியைப் பார்த்தாள், நீலக் கரையைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“அதிகபட்சம் பதினேழு” என்றார் அத்தை, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே.

“குறைந்தபட்சம்?”

“இப்ப, உன் வாசல்ல. பூஜ்யம்.”

அவள் அதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். நான் டிரம்களை இறக்கினேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு முகாமுக்குக் கிளம்பினேன்.